வில்லேஜ் வான்கார்டில் ஓர் இரவு: சொனி றொலின்ஸின் இசைத்தட்டு குறித்துச் சில விமர்சனக் குறிப்புகள்

ஜாஸ் இசையை முற்போக்கு விமர்சனம் எதிர்கொண்ட முறை அவ்விமர்சனத்துக்குப் பெருமை தருவதன்று. 1928ஆம் ஆண்டில் மாக்சிம் கோர்க்கி 'பிராவ்தா' பத்திரிகையில் எழுதிய கட்டுரையொன்றிலே, தாம் இத்தாலியில் தங்கியிருந்தபோது செவியில் விழுந்த நடன இசையைக் கொழுத்தவர்களின் இசையெனக் கண்டித்தார். கறுப்பு உழைப்பாளரின் வேலைப்பாடல்களிலும் புளூஸிலும் வேர்கொண்ட ஒரு கலையும், அதன் பெயரால் ஐரோப்பிய உல்லாச விடுதிகளில் இசைக்கப்பட்ட சரக்கும் ஒன்றல்ல என்னும் வேறுபாடு அக்கட்டுரையிலே பேணப்படவில்லை. எட்டாண்டுகளின் பின்னர் ஜேர்மானிய மெய்யியலாளர் தியோடோர் அடோர்னோ, ஹெக்டர் றொட்வைலர் என்னும் புனைபெயரில் எழுதிய ஆய்விலே இன்னும் நுணுக்கமான குற்றச்சாட்டை முன்வைத்தார். 1953இல் அதனை மேலும் வலியுறுத்தினார். மறுபுறத்திலே மார்க்சிய வரலாற்றாசிரியரான எறிக் ஹொப்ஸ்போம் ஜாஸை உழைக்கும் மக்களின் கலையாக மதித்து 1959இல் ஒரு நூலே எழுதினார். அவரும் அதனைப் பிரான்சிஸ் நியூட்டன் என்னும் பெயரிலேயே வெளியிட்டார். ஜாஸ் பற்றிப் பேச முற்படும் ஆய்வறிவாளர் முதலில் தம் பெயரை மறைத்துக்கொள்ள விரும்பினர் போலும்!

எமது நாட்டில் இவ்வையுறவு வலுப்பட வேறொரு காரணமும் இருந்தது. ஐக்கிய அமெரிக்க இராசாங்கத் திணைக்களம் 1956 முதல் ஜாஸ் குழுக்களைத் தன் செலவில் ஆசிய ஆபிரிக்க நாடுகளுக்கு அனுப்பத் தொடங்கிற்று. 1958இல் டேவ் புறூபெக்கின் நால்வர் குழுவும், 1963இல் டியூக் எலிங்ரனின் இசைக்குழுவும் இலங்கைக்கு வந்தமை இவ்வேற்பாட்டின் கீழேயே ஆகும். கெடுபிடிப் போரின் தூதாக வந்த இசையை இடதுசாரிகள் சந்தேகக் கண்கொண்டு நோக்கியதில் வியப்பில்லை. ஆயின் அதே இசையாளர்களுள் ஒருவரான லூயி ஆம்ஸ்ட்றோங், 1957 செப்டெம்பரில் ஆர்க்கன்சோ மாநிலத்து லிற்றில் றொக் நகரில் ஒன்பது கறுப்பு மாணவர் பாடசாலைக்குள் நுழையாவண்ணம் தடுக்கப்பட்டபோது, அரசாங்கத்தின் சார்பிற் சோவியத் நாட்டுக்குச் செல்ல மறுத்தார் என்பதும் உடன்வைத்து நோக்கப்படவேண்டியது. தூதரும் தூதனுப்பியவரும் ஒரே கட்சியினர் அல்லர்.

அடோர்னோவின் குற்றச்சாட்டு எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. ஜாஸில் உடனாக்கம் சுதந்திரமானது போலத் தோன்றினும், அதன் அடியிலுள்ள பாடலின் சட்டகம் சிறிதும் அசைவதில்லை. ஆலையிலே ஒரேமாதிரியாக வார்க்கப்படும் பண்டத்துக்குப் பல நிற மேற்பூச்சுகள் இடுவதை ஒத்ததே இசையாளன் செய்யும் பணி. கேட்போன் இம்மேற்பூச்சைச் சுதந்திரமென நம்பி ஏமாறுகின்றான் என்பது அவர் வாதத்தின் சாரம். இதற்குப் பொதுப்பட விடையிறுத்தல் பயனற்றது. குறித்த ஒரு படைப்பை எடுத்து, அதில் எந்தப் பண்டத்தின்மீது எவர் எத்தகைய உழைப்பைச் செலுத்தினர் எனக் காண்பதே நேர்மையான வழி. அந்நோக்கிலேயே சொனி றொலின்ஸின் 'வில்லேஜ் வான்கார்டில் ஓர் இரவு' என்னும் இசைத்தட்டு இங்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றது.

இது 1957ஆம் ஆண்டு நவம்பர் 3ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, நியூயோர்க் நகரின் கிறீனிச் வில்லேஜ் பகுதியிலுள்ள வில்லேஜ் வான்கார்ட் என்னும் விடுதியிலே, பார்வையாளர் முன்னிலையில் ஒலிப்பதிவு செய்யப்பட்டது. அவ்விடுதியில் எடுக்கப்பட்ட முதலாவது இசைத்தட்டாக இதுவே கருதப்படுகின்றது. (லைக்கா என்னும் நாயைச் சுமந்து இரண்டாவது ஸ்புட்னிக் விண்ணிற் செலுத்தப்பட்டதும் அதே நாளிலேயே. வரலாறு சில வேளைகளில் ஒரே தாளில் இரண்டு செய்திகளை எழுதிவிடுகின்றது.) ஹார்லெமில் 1930இல், கரீபியக் கடலின் வேர்ஜின் தீவுகளைச் சேர்ந்த பெற்றோருக்குப் பிறந்த றொலின்ஸுக்கு அப்போது இருபத்தேழு வயது. இருபதாவது வயதளவில் சிறைவாசமும், பின்னர் ஹெறோயின் பழக்கமும், 1955இல் அதிலிருந்து மீள்வதற்கான மருத்துவமும் அவருக்கு நேர்ந்திருந்தன. அவருடன் இசைத்த எக்காளக் கலைஞர் கிளிபர்ட் பிறவுண் 1956 யூனில் வாகன விபத்தொன்றில் மாண்டார். இவ்விழப்புகளைச் சோகக் கதையாக நீட்டி, அக்கதையைக் கொண்டு இசைக்குப் பொருள் கூறும் வழக்கம் ஜாஸ் பற்றிய எழுத்திலே மலிந்துள்ளது. இசைத்தட்டிற் கேட்பது அத்தகைய புலம்பலன்று.

விடுதி பற்றிச் சிறிது கூறவேண்டும். 1935இல் மாக்ஸ் கோர்டன் என்பவர் இதனைத் தற்போதைய இடத்தில் நிறுவினார். படிகளால் இறங்கிச் செல்லும் ஒரு நிலவறை; ஒருபுறம் குறுகிச் செல்லும் அமைப்பு; ஏறத்தாழ 120 பேரே அமரலாம். தொடக்ககாலத்திற் கவிஞர்களும் நாட்டார் பாடகர்களும் நகைச்சுவையாளரும் இங்குத் தோன்றினர். முழுமையான ஜாஸ் விடுதியாக இது மாறியது 1957இலேதான். அதன் பெயரிலுள்ள 'முன்னணி' என்னும் சொல் இவ்வாய்விதழின் வாசகருக்கு வேறு நினைவுகளைத் தரக்கூடும். ஆயினும் இங்கு வணிகத்தின் அடிப்படை மதுபான விற்பனையே. இசையாளன் கலைஞனாக மட்டுமன்றி வாடிக்கையாளரை மேசையில் இருத்திவைக்கும் ஊழியனாகவும் அமர்த்தப்பட்டான். மேலும் நியூயோர்க்கில் மது வழங்கும் விடுதிகளில் இசைப்பதற்குக் 'கபரே அட்டை' எனப்பட்ட பொலிஸ் அனுமதிச் சீட்டு அவசியமாயிருந்தது. தண்டனை பெற்றோரிடமிருந்து அது பறிக்கப்படலாம். பில்லி ஹொலிடே தம் இறுதிக்காலம் வரை அதனைத் திரும்பப் பெறவில்லை. தெலோனியஸ் மங்க் 1951இல் இழந்து 1957இலேயே மீளப் பெற்றார். இவ்விதி 1967 வரை நடைமுறையில் இருந்தது. ஜாஸ் இசையின் சுதந்திரம் பற்றிப் பேசுவோர், அதனை இசைப்பதற்குப் பொலிஸ் நிலையத்தில் விரலடையாளம் இடவேண்டியிருந்தது என்பதையும் மறத்தலாகாது.

இனி இசைக்கு வருவோம். றொலின்ஸ் இசைப்பது தெனர் சக்ஸபோன். உடன் இருப்பவர் இருவரே. பிற்பகல் அமர்வில் டபிள் பேஸில் டொனல்ட் பெய்லியும் ட்றம்ஸில் பீற் லாறோக்காவும், இரவு அமர்வில் முறையே வில்பர் வெயாரும் எல்வின் ஜோன்ஸும் இசைத்தனர். பியானோ இல்லை. இவ்வின்மையே இத்தட்டின் முதற் செய்தி.

பியானோவை நீக்கியது முற்றிலும் புதுமையன்று. 1952இல் ஜெறி மலிகனின் நால்வர் குழு அதனைச் செய்தது. ஆயினும் அங்கு இரண்டு காற்றுக் கருவிகள் ஒன்றையொன்று தாங்கின. றொலின்ஸ் தனியொரு காற்றுக் கருவியுடன் இம்முயற்சியை 1957 மார்ச்சில் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஒலிப்பதிவு செய்யப்பட்ட 'வே அவுட் வெஸ்ற்' தட்டிலே தொடங்கினார். எனினும் அது கலையகத்தில் நிகழ்ந்தது. வான்கார்டில் நிகழ்ந்தது பார்வையாளர் முன்னிலையில். பியானோவின் பணி யாது? ஜாஸ் உடனாக்கம் ஒரு பாடலின் சுரக்கூட்டுகளின் வரிசையை அடித்தளமாகக் கொள்கின்றது. அவ்வரிசை ஒரு சுற்றாகத் திரும்பத் திரும்ப வருகின்றது. இராக ஆலாபனைக்குப் பழகிய எமது செவி இதனை முதலில் உணர்வது கடினம். இங்கே நிலைத்த ஒரு சுருதியின் மேல் இராகம் விரிவதில்லை. அடித்தளமே சில தாள அலகுகளுக்கொருமுறை நகர்கின்றது. இசைப்போன் அந்நகர்வுக்கேற்பக் காலடி மாற்றவேண்டும். பியானோ அந்நகர்வை ஒவ்வொரு கணமும் உரக்க அறிவித்துக்கொண்டிருக்கும். அதனை நீக்கிவிட்டால் அறிவிப்பாளன் இல்லை. நிலத்தின் வரைபடம் மூவர் மனத்திலும் இருக்கவேண்டும். பார்வையாளனும் அதனை ஊகித்தல் வேண்டும்.

இதனைச் சாதாரணமாகச் 'சுதந்திரம்' என்பர். இச்சொல் போதாது. மேற்பார்வையாளன் இல்லாத வேலைத்தலத்திலே பொறுப்பு குறைவதில்லை, அது பகிரப்படுகின்றது. வில்பர் வெயார் அதிகம் பேசுபவரல்லர். தாழ்ந்த சுரங்களை, அடிப்படையான சுரங்களை, இடைவெளி விட்டு, பாரமாக வைப்பது அவர் இயல்பு. அலங்காரம் நாடும் செவிக்கு அவர் வாசிப்பு வறியதாகத் தோன்றலாம். ஆயின் பியானோ இல்லாத இவ்விடத்தில் அவ்வெளிமையே தூணாகின்றது. எல்வின் ஜோன்ஸோ இதற்கு மறுதலை. தாளத்தை ஒரே கோட்டில் நடத்திச் செல்லாது, மூன்றின் பகுப்புகளை நான்கின் மேல் உருட்டி, வலியுறுத்தலை எதிர்பாரா இடங்களில் வைத்து, சக்ஸபோனின் ஒவ்வொரு கூற்றுக்கும் விடையிறுக்கின்றார். 1960 முதல் ஜோன் கொல்ட்றேனின் குழுவில் அவர் அடைந்த பெருமையின் தொடக்கத்தை இங்கே காணலாம். தட்டின் பல இடங்களில் சக்ஸபோனும் ட்றம்ஸும் நான்கு நான்கு அலகுகளாக மாறிமாறிப் பேசுகின்றன. அதனைப் போட்டியெனக் கொள்வோர் உளர். எனக்கு அது கூட்டு வேலையில் ஒருவர் தூக்கியதை மற்றவர் வாங்கிக்கொள்வது போன்றே கேட்கின்றது.

அவர்கள் வேலை செய்யும் பண்டம் எது? 1958இல் புளூ நோட் நிறுவனம் வெளியிட்ட மூலத் தட்டிலே ஆறு உருப்படிகள். அவற்றுள் மூன்று பிறோட்வே மேடையிலிருந்து வந்த பாடல்கள்; ஒன்று டிஸி கிலெஸ்பி ஆக்கிய 'துனீசியாவில் ஓர் இரவு'; ஏனைய இரண்டும் றொலின்ஸின் ஆக்கங்கள். பிறோட்வே பாடல்கள் கலாசாரக் கைத்தொழிலின் உற்பத்திகள் என்பதில் அடோர்னோவுடன் முரண்பட வேண்டியதில்லை. ஆனால் உற்பத்திகள் யாவும் ஒரே தன்மையின அல்ல. முதல் உருப்படியான 'ஓல்ட் டெவில் மூன்' 1947இல் மேடையேறிய 'பினியன்ஸ் றெயின்போ' என்னும் இசைநாடகத்திலிருந்து வருவது. அந்நாடகத்திலே இனவெறி பிடித்த தென்மாநிலச் செனற்றர் ஒருவர் மந்திரத்தாற் கறுப்பராக மாறிவிடுகின்றார். அதன் பாடல்வரிகளை எழுதிய யிப் ஹார்பர்க் இடதுசாரிச் சார்பினர். 1950களில் ஹொலிவூட் அவரைக் கறுப்புப் பட்டியலில் இட்டு வேலை மறுத்தது. றொலின்ஸ் இதற்காகவே இப்பாடலைத் தெரிந்தார் எனக் கூற முற்படுவது எளிது. எம் விமர்சகர் சிலர் அவ்வாறே கூறியும் இருப்பர். அதற்குச் சான்றில்லை, பாடல்வரிகளும் இங்குப் பாடப்படவில்லை. எனவே கதைப்பொருளைக் கொண்டு உள்ளடக்கத்தைத் தீர்மானிக்கும் எமது பழக்கம் இவ்விடத்திற் பயன்படாது போகின்றது.

அப்படியாயின் இவ்விசையின் உள்ளடக்கம் எங்குளது? பாடலை எவ்வாறு கையாளுகின்றார் என்பதிலே காண்போம். மெட்டின் தொடக்கத்தில் இலத்தீன் அமெரிக்கச் சாயலுடைய தாளமும் பின்னர் ஜாஸுக்குரிய ஊசல் நடையும் மாறிவருகின்றன. அம்மாற்றத்தையே றொலின்ஸ் தம் பேச்சுக்குப் பொருளாக்குகின்றார். மெட்டின் ஒரு துணுக்கை எடுத்து, அதன் இறுதிச் சுரத்தை மட்டும் முரட்டுத்தனமாக ஒலித்து, நிறுத்திவிடுகின்றார். மௌனம். பின்னர் அதே துணுக்கு வேறிடத்திலிருந்து, கேலித்தொனியுடன். தொடர்ந்து நீண்டதொரு வாக்கியம், மூச்சுத் தீரும்வரை. காதற்பாடலின் இனிமையை அவர் அழிக்கவில்லை, அதை நம்பவுமில்லை. பாடலைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இது எவ்வாறு செய்யப்பட்டது, எங்கே தையல், எங்கே ஒட்டு என்று எல்லோரும் காணச் சோதிக்கும் ஒரு தொழிலாளியின் நோக்கே இது. அடோர்னோ கூறிய மேற்பூச்சு பண்டத்தின் உள்ளமைப்பை மறைப்பது. இங்கு நிகழ்வது உள்ளமைப்பைத் திறந்துகாட்டுதல். சட்டகம் மாறவில்லை என்பது உண்மையே. ஆனால் சட்டகம் சட்டகமெனத் தெரியவருகின்றது. கலையிலே இதுவும் ஓர் அறிவுச் செயற்பாடாகும்.

இவ்விடத்தில் றொலின்ஸ் பற்றிய மிகப் புகழ்பெற்ற விமர்சனக் கட்டுரையைக் குறிப்பிடாது செல்லவியலாது. 1958 நவம்பரில் இசையறிஞர் கன்தர் ஷூலர் 'ஜாஸ் றிவியூ' இதழில், 1956இல் ஒலிப்பதிவான 'புளூ 7' என்னும் உருப்படியை அலகு அலகாக ஆராய்ந்து, றொலின்ஸின் உடனாக்கம் ஒரு கருவிலிருந்து முழுவதும் கிளைத்து வளர்வதால் ஐரோப்பியச் செவ்வியல் இசைக்குரிய கட்டிறுக்கம் கொண்டது எனக் காட்டினார். ஜாஸை ஆழ்ந்த ஆய்வுக்குரியதாக்கிய பெருமை அக்கட்டுரைக்கு உண்டு. ஆயினும் அதன் அளவுகோல் விவாதத்துக்குரியது. முழுமை, ஒருமை, அங்கம் அங்கமாக வளர்ச்சி ஆகியவை ஐரோப்பியச் செவ்வியலின் மதிப்பீடுகள். ஒடுக்கப்பட்டோரின் கலையை உயர்த்துவதற்கு அது ஆள்வோரின் கலையை ஒத்திருப்பதாக நிறுவுவதே வழி என்ற எண்ணம் அதனுள் மறைந்துள்ளது. கூத்துக்கு மதிப்பளிக்க அதிலே கிரேக்க நாடக இலக்கணம் தேடியோர் எம்மிடையேயும் இருந்தனர் அல்லரோ?

வான்கார்ட் தட்டு அவ்வளவுகோலுக்கு அடங்கவில்லை என்பதே என் துணிபு. இங்கே ஒருமையிலும் பார்க்க உடைவு மிகுதி. தொடங்கிய வாக்கியம் கைவிடப்படுகின்றது. வேறெங்கோ கேட்ட மெட்டொன்று இடையே நகையாடிச் செல்கின்றது. ஓர் அற்பத் துணுக்கு வேண்டுமென்றே சலிக்கும்வரை மீண்டும் மீண்டும் ஒலிக்கின்றது. கருவிலிருந்து மரம் வளரும் உவமையிலும், மேடைப்பேச்சாளன் ஒருவன் எதிரேயுள்ளோரின் முகம் பார்த்துப் பேச்சை மாற்றிச் செல்லும் உவமையே இதற்குப் பொருந்தும். 'சொனிமூன் போர் டூ' இதற்குத் தக்க சான்று. அது பன்னிரண்டு அலகு புளூஸ். மேலிருந்து கீழிறங்கும் நான்கு அலகு அடியொன்றை மும்முறை கூறினால் கருப்பொருள் முடிந்தது. ஒரு சிறுவனும் மனத்திற் கொள்ளக்கூடிய எளிமை. றொலின்ஸ் இதனைவிட்டு எவ்வளவு தூரம் சென்றாலும் இவ்வடியின் ஏதோவொரு துண்டைத் திரும்பத் தொட்டுச் செல்கின்றார். ஷூலரின் கொள்கைப்படி இது கருவின் வளர்ச்சி. கேட்டுப்பார்த்தால் அவ்வாறன்று, கூட்டத்தில் பேசுபவன் தான் எதைப் பற்றிப் பேசுகின்றான் என்பதைக் கேட்போர் மறவாவண்ணம் நினைவூட்டுவதே அது. கேட்போர் இல்லாதவிடத்து அந்நினைவூட்டல் தேவைப்படாது. ஆகவே விடுதியும் அதிலிருந்தோரும் இவ்விசையின் புறச்சூழல் மட்டுமல்லர். அதன் உருவத்தைத் தீர்மானித்த அகக் காரணிகளும் ஆவர். உருவமும் உள்ளடக்கமும் எவ்வாறு இணைகின்றன என நாம் எத்தனையோ கருத்தரங்குகளில் விவாதித்துள்ளோம். இத்தட்டின் நாலாவது உருப்படியை இருமுறை கேட்பது அவ்விவாதங்களிற் பலவற்றிலும் பயனுடையது.

'ஸ்றைவர்ஸ் றோ' என்னும் மூன்றாவது உருப்படி வேறொரு பிரச்சினையை எழுப்புகின்றது. அப்பெயர் ஹார்லெமின் 138ஆம், 139ஆம் வீதிகளிலுள்ள வீட்டு வரிசையைக் குறிப்பது. 1890களில் வெள்ளையருக்கெனக் கட்டப்பட்டு, பின்னர் கறுப்பு மருத்துவரும் சட்டத்தரணிகளும் குடியேறிய இடம் அது. முயன்று முன்னேறுவோர் வரிசை எனத் தமிழிற் கூறலாம். அதிலே பெருமையும் உண்டு, ஏளனமும் உண்டு. இவ்வுருப்படியின் சுரக்கூட்டு வரிசை 1955இல் மறைந்த சார்ளி பார்க்கரின் 'கொன்பேமேஷன்' என்னும் ஆக்கத்தினது. பழைய வரிசையின்மேற் புதிய மெட்டு அமைக்கும் இவ்வழக்கம் 1940களின் பெபொப் இயக்கத்தில் வேரூன்றியது. அதற்குக் கலைக்காரணம் மட்டுமன்றிப் பொருளாதாரக் காரணமும் உண்டு. அமெரிக்கப் பதிப்புரிமை வழக்கப்படி மெட்டுக்கு உடைமையாளர் உண்டு. சுரக்கூட்டு வரிசைக்குப் பொதுவாக இல்லை. பிறோட்வே பாடலொன்றை இசைத்துத் தட்டு வெளியிட்டால் உரிமைப்பணம் பாடலை எழுதியவருக்கும் பதிப்பாளருக்கும் போய்ச்சேரும். அதன்மேல் இசையாளன் அன்றிரவு ஆக்கிய பத்து நிமிட இசை, மூலப்பாடலிலும் பன்மடங்கு விரிவானதாயினும், சட்டத்தின் கண்ணில் ஆக்கமாகாது. அது வெறும் நிகழ்த்துகை. ஆகவே அதே வரிசையின்மேல் தனக்கெனப் புதிய மெட்டொன்றை இட்டு அதற்குத் தன் பெயரையும் இட்டால் உரிமைப்பணத்தின் ஒரு பகுதியேனும் இசையாளனுக்கு வரும்.

அடோர்னோ இங்கே மேற்பூச்சைக் கண்டார். நான் காண்பது உடைமையுறவுகளின் இடுக்கில் உழைப்பாளி கண்டுபிடித்த ஒரு வழி. ஆயினும் இதனையும் மிகைப்படுத்தலாகாது. பார்க்கர் வெள்ளைப் பதிப்பாளரல்லர். றொலின்ஸின் தலைமுறைக்கு ஆசானின் நிலையில் இருந்தவர். அவருடைய வரிசையை எடுத்தாள்வதை ஜாஸ் சமூகத்தில் எவரும் களவெனக் கருதார். சுரக்கூட்டு வரிசைகள் அச்சமூகத்திற் கிராமத்துப் பொதுக் குளத்தைப் போன்றவை. வெளியிலுள்ள சந்தையின் விதி ஒன்று, உள்ளேயுள்ள பொதுமையின் விதி இன்னொன்று. இரண்டும் ஒரே உருப்படியில் ஒருங்கே இயங்குகின்றன. லீறோய் ஜோன்ஸ் 1963இல் வெளியிட்ட 'புளூஸ் பீப்பிள்' நூல் கறுப்பு இசையின் மாற்றங்களைக் கறுப்பு மக்களின் வர்க்க மாற்றங்களோடு இணைத்து விளக்கிற்று. இம்முரண்பாட்டை இசையின் உட்கட்டமைப்பிலேயே காண்பது அவ்வழியில் அடுத்த படியாகலாம்.

ஒலிப்பதிவு என்னும் செயலும் இம்முரண்பாட்டின் பகுதியே. புளூ நோட் நிறுவனம் 1939இல் நியூயோர்க்கில் நிறுவப்பட்டது. நாற்சி ஜேர்மனியிலிருந்து தப்பிவந்த யூதர்களான அல்பிரட் லயனும் பிரான்சிஸ் வூல்பும் இக்காலத்தில் அதனை நடத்தினர். ஒத்திகைக்கும் ஊதியம் கொடுத்த அரிதான நிறுவனம் அது என்பதை நியாயம் கருதிக் கூறவேண்டும். ஒலிப்பதிவாளர் றூடி வான் கெல்டர் பகலிற் கண் பரிசோதகராகத் தொழில் புரிந்து, நியூ ஜேர்சி ஹக்கன்சக்கிலுள்ள தம் பெற்றோர் வீட்டு முன்னறையைக் கலையகமாக்கியிருந்தவர். அன்று கருவிகளை அவர் நிலவறைக்குள் கொண்டுவந்தார். ஒற்றைத் தட ஒலிப்பதிவேயாயினும் சக்ஸபோன் முகத்தருகே நிற்பதுபோல் ஒலிக்கின்றது. கைதட்டல் பெரிதன்று, ஓய்ந்தபின் எவரோ பேசுவதும் கேட்கின்றது.

ஆனால் நீண்ட நேரம் நிகழ்ந்ததொன்று இரு பக்கங்களிலும் சேர்த்து முக்கால் மணித்தியாலம் கூடக் கொள்ளாத தட்டாகக் குறுக்கப்பட்டது. பிற்பகலில் இசைக்கப்பட்டவற்றுள் 'துனீசியாவில் ஓர் இரவு' மாத்திரமே அதிலே இடம்பெற்றது. தலைப்பும் 'ஓர் இரவு' எனலாயிற்று. ஒரு நாள் முழுவதும் நடந்த வேலை, விற்பனைக்கு வந்தபோது இரவொன்றின் கவர்ச்சியைப் பெற்றது. ஏனையவை 1970களின் நடுப்பகுதியில் இரட்டைத் தட்டாக வந்தன. அனைத்தும் ஒருங்கே 1999இலேயே கிடைத்தன. அவற்றைக் கேட்டபின் மூலத் தெரிவு பற்றி எனக்கு இரு மனம். கோல் போட்டரின் பாடலொன்றின்மேல் ஏறத்தாழப் பதினான்கு நிமிடம் நிகழ்ந்த நீண்ட விவாதம் விடப்பட்டமை பெருங்குறை. அதற்கு நேரம் போதாதென்பது விளங்கத்தக்கதே. ஆயின் இடம்பெற்ற ஆறிலும் இறுதியான 'ஐ கான்ற் கெற் ஸ்ராட்டட்' ஏனையவற்றுக்கு ஈடன்று. அதில் றொலின்ஸ் பாடலின் சோகத்துக்குப் பணிந்துபோவதாக எனக்குப் படுகின்றது. பிற்பகல் உருப்படியிலும் லாறோக்காவும் பெய்லியும் திறம்பட இசைத்தாலும், இரவில் நிலவும் அபாயவுணர்வு அங்கில்லை.

ஷூலரின் கட்டுரை வெளிவந்தது இத்தட்டு ஒலிப்பதிவாகி ஓராண்டு கழிந்த பின்னர். 1959இலிருந்து 1961 வரை றொலின்ஸ் மேடையிலிருந்து விலகி, வில்லியம்ஸ்பேர்க் பாலத்தின்மீது தனித்து நின்று பயிற்சி செய்தார். பார்வையாளரை நோக்கிப் பேசும் ஒரு கலையின் முதல்வர் ஆற்றையும் கப்பல்களையும் நோக்கிப் பேசச் சென்றமை பற்றிப் பல காவியங்கள் புனையப்பட்டுவிட்டன. அவற்றுடன் இன்னொன்றைச் சேர்க்க விரும்பவில்லை. எமது விடயத்துக்கு முக்கியமானது அதற்கு முன்னர் நிகழ்ந்தது. வான்கார்ட் அமர்வுக்குச் சில மாதங்களின் பின்னர், 1958இன் தொடக்கத்தில், அதே மூவர் அமைப்பில் ஒஸ்கார் பெட்டிபோர்டையும் மாக்ஸ் றோச்சையும் சேர்த்துக்கொண்டு றிவர்சைட் நிறுவனத்துக்காக 'சுதந்திரத் தொகுதி' என்னும் ஏறத்தாழ இருபது நிமிட ஆக்கத்தை அவர் ஒலிப்பதிவு செய்தார். அமெரிக்கப் பண்பாட்டின் பேச்சும் நகைச்சுவையும் இசையும் கறுப்பு மக்களின் பண்பாட்டில் வேரூன்றியிருக்க, அம்மக்களே ஒடுக்கப்படுகின்றனர் என்ற கருத்துப்பட ஒரு சிறு கூற்றும் தட்டின் உறையில் அவர் பெயரால் இடம்பெற்றது.

இசையின் இயல்பில் இரண்டு தட்டுகளுக்குமிடையே பெரும் வேறுபாடில்லை. அதே பியானோ அற்ற வெளி, அதே எளிய கருக்கள், அதே உடைவும் நகையும், மூவருக்கும் பங்கிடப்பட்ட அதே பொறுப்பு. வேறுபட்டது தலைப்பும் உறையிலிருந்த சில வரிகளுமே. 'சுதந்திரத் தொகுதி' சிறிது காலத்தின் பின்னர் விற்பனையிலிருந்து விலக்கப்பட்டு, அதிலுள்ள இன்னொரு உருப்படியின் பெயரால் 'ஷடோ வோல்ட்ஸ்' என வெளியிடப்பட்டது. வான்கார்ட் இசைத்தட்டின் பெயரை மாற்றவேண்டிய தேவை எவருக்கும் ஏற்படவில்லை. முழு ஒலிப்பதிவும் 1999இல் வந்தபோதும் அதே பெயரிலேயே வந்தது.